சகலை வீட்டு வாசலில் நின்ற வண்டி

சிமெண்டு தன் சகலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஒன்பதாயிரத்து நானூற்றுப் பத்து. அந்தக் கடன் ஏறிக்கொண்டிருந்த காலம் முழுக்க அவருடைய மோட்டார் சைக்கிள், அவர் எந்தப் பக்கம் திருப்பினாலும் சகலை வீட்டு வாசலுக்கே போய் நின்றது. சிமெண்டு என்பது கிடங்கில் வைத்த பெயர். பாதி ஆயுசாக அங்கே மூட்டை இறக்குகிறவர். குளித்துவிட்டு வந்தாலும் காதுமடலில் சாம்பல் பூத்திருக்கும். சகலை என்பவர் அவர் மனைவியின் தங்கை புருஷன், பழைய வண்டிகளின் கார்புரேட்டரை மட்டும் பார்க்கிற நிபுணர். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால், "அதெல்லாம் மெக்கானிக் வேலை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அப்படிக் கேட்பதற்கே தனிக் கட்டணம்.

வண்டி சிமெண்டைவிட வயதில் மூத்தது. பல வருஷம் அதன் கார்புரேட்டரை அவரே பிரித்து, கழுவி, மாட்டிக்கொண்டுதான் இருந்தார். உள்ளே பெட்ரோல் அளவோடு நிற்கும்படி பார்த்துக்கொள்ளும் பித்தளை மிதவை ஒருமுறை ஓட்டை விழுந்து மூழ்கியபோது, ஈயத்தைக் காய்ச்சித் தானே அடைத்தார். பார்க்க மருவைப் போல அசிங்கமாக இருந்தது, ஆனால் மிதந்தது. பிறகு மூட்டை தூக்கித் தூக்கி விரல்கள் மரக்கட்டையாகிப் போயின. பெட்ரோல் பீய்ச்சுகிற, தலைமுடி நுழைகிற அளவுக்கே துளையுள்ள ஜெட்டைப் பிடிக்க முடியாமல் ஒருநாள் வாசல் சாக்கடையில் விட்டுவிட்டார். முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தவரை மனைவிதான் எழுப்பினாள்.

"குடும்பத்துலயே ஆள வெச்சுக்கிட்டு எதுக்குங்க சாக்கடையில கைய விடறீங்க? என் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட குடுங்க. சொந்தம், பாத்து வாங்குவாரு."

சகலை பார்த்துத்தான் வாங்கினார். ஒரு வாரம் வைத்திருந்து, கண்ணைப் பறிக்கிற பளபளப்போடு கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார். அடிக்கிண்ணத்துத் திருகுகள் ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் பெயிண்டால் பொட்டு வைத்திருந்தார். "இந்தச் செவப்ப உடச்சீங்கன்னா அப்புறம் என் பொறுப்பில்ல சகல." சிமெண்டு உடைக்கவில்லை. சகலை கை வைத்த பொருளைத் திறந்து பார்ப்பது சகலையின் சட்டைப் பையில் கையை விடுவது மாதிரி என்று அவர் நினைத்தார்.

மறுநாள் காலை கிடங்குக்குக் கிளம்பினார். தெருமுனையில் இடது பக்கம் திருப்பினால் வண்டி வலது பக்கம் போனது. பிரேக் பிடித்தால் நின்றது, விட்டால் மறுபடி வலது பக்கம். சகலை வீட்டுக் கேட்டில் முன்சக்கரத்தை வைத்து இரண்டு முட்டு முட்டி அணைந்துபோனது. சகலை வெளியே வந்து, ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டு, எதையோ கால் சுற்றுத் திருப்பி, கணக்கில் ஒரு தொகை எழுதிக்கொண்டார். "வண்டிக்கு என் கைமேல பாசம் சகல, என்ன பண்றது?" அன்று சிமெண்டு அங்கிருந்து கிடங்குக்கு நடந்தே போய், சாயங்காலம் வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மறுநாளும் அப்படியே. ஊர் இதைச் சீக்கிரம் பழகிக்கொண்டது. முதல் வாரம் அபராதச் சீட்டுக் கிழித்த போக்குவரத்துக் காவலர், பிறகு சிமெண்டு வருவது தெரிந்தாலே மற்ற வண்டிகளை நிறுத்திவைத்து வலது பக்கம் வழிவிட்டார். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் சிமெண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள், பேருந்துக் காசு மிச்சம். மனைவிக்குத்தான் எல்லாரையும்விடச் சந்தோஷம். ஞாயிறு தவறாமல் பின்னால் உட்கார்ந்து தங்கையைப் பார்க்கப் போனாள். அங்கே முன்னறையில் இதே வகை வண்டி ஒன்றைச் சகலை விற்பதற்காகத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். சிமெண்டின் வண்டி கேட்டை முட்டும்போதெல்லாம் அந்தத் துணி நடுங்கும். சிமெண்டு கேட்டதற்கு ஃபேன் காற்று என்றார் சகலை. ஃபேன் ஓடவில்லை. சொந்தக்காரரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது?

இரண்டு வருஷம் போனது. பாக்கி மேலே சொன்ன தொகைக்கு வந்து நின்ற அன்று, சகலை சிமெண்டின் தோளில் கை போட்டார்.

"எதுக்கு சகல கஷ்டப்படறீங்க? வண்டிய இங்கயே விட்டுடுங்க, கணக்கக் கிழிச்சுப் போட்டுடறேன். அதுக்கும் இங்க இருக்கத்தான் பிடிச்சிருக்கு."

சிமெண்டு யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, வண்டி பின்னுக்கு இழுக்க இழுக்க வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த விடுமுறை நாள் பகலில், சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்துக் கார்புரேட்டரைக் கழற்றி வைத்தார். கழுவ ஒரு தட்டில் பெட்ரோல், தேய்க்கப் பழைய பல்துலக்கி, ஜெட் குத்த மின்கம்பியிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழை. மரத்த விரலால் திருகைப் பிடிக்க முடியாது என்பதால் மனைவியை எதிரே உட்கார வைத்தார். அவள் ஒவ்வொரு திருகையும் வாங்கிக் காலி மாத்திரை அட்டையின் குழிகளில் வைத்தாள். சிவப்பு உடைந்தது. கிண்ணம் திறந்தது. உள்ளே இருந்தது கறுப்பு பிளாஸ்டிக் மிதவை. கிண்ணமும் உடலும் எங்கேயும் கிடைக்கிற மலிவு வார்ப்பு.

"இது என் மிதவை இல்ல. இது என்னோடதே இல்ல."

மனைவி நிமிரவில்லை. ஆச்சரியப்பட வேண்டியவள் ஆச்சரியப்படாததைச் சிமெண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தங்கச்சி சொன்னா. உங்களோடத அவரு அந்தத் துணி போட்ட வண்டியில மாட்டிட்டாராம்."

"எப்ப சொன்னா?"

"மாட்டுன வாரமே."

"ரெண்டு வருஷம். நான் காசு அழறத பாத்துக்கிட்டே பின்னாடி உக்காந்து வந்திருக்க."

"சொன்னா சண்டைக்குப் போவீங்க. அப்புறம் அந்த வீட்டுப் படிய நான் மிதிக்க முடியுமா? எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதாங்க."

"அப்ப நான் யாரு?"

அவள் ஒரு திருகை எடுத்து அடுத்த குழியில் வைத்தாள்.

சிமெண்டு கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பிறகு பக்கத்து வீட்டில் சொன்னாள். அவர் அந்த மலிவுப் பொருளையே கழுவத் தொடங்கினார். அது செய்த தப்பு ஒன்றுமில்லை. துளைகளைக் குத்தி, சைக்கிள் பம்பால் ஊதி, பெட்ரோலை அடைக்கிற ஊசி உட்காரும் சீரில்லாத குழியைத் துணியில் பற்பசை தடவித் தேய்த்து, மிதவையின் நாக்கை மயிரிழை அளவுக்கு வளைத்தார். ஒரு திருகு மூன்று தடவை விழுந்தது. மூன்று தடவையும் அவரே மேசைக்கடியில் தவழ்ந்து எடுத்தார், அவளிடம் கேட்கவில்லை. பொழுது சாய்கிற நேரம் மாட்டி உதைத்தார். வண்டி முனைக்குப் போய், இடது பக்கம் திருப்பியதும் இடது பக்கம் திரும்பியது.

பிறகு மாதக்கணக்கில் இரட்டை ஷிப்டு மூட்டை இறக்கினார். "திருடனுக்கு எதுக்குங்க காசு? நம்மளத போய்க் கேட்டு வாங்குங்க" என்று மனைவி அழுதாள்.

"பாக்கி இருந்தா அவன் மூஞ்சியில முழிக்கணும்" என்றார்.

தொகை சேர்ந்ததும் வண்டியை வீட்டில் விட்டு நடந்து போய், சகலையின் மேசைமேல் வைத்தார். "நமக்குள்ள என்ன சகல இதெல்லாம்" என்றபடி சகலை எண்ணத் தொடங்கினார். பாதி எண்ணும்போது சிமெண்டு கேட்டார்: "மிதவைக்கு ஒரு ஈயப் பொட்டு வெச்சிருந்தேனேப்பா, இன்னும் மிதக்குதா?" சகலைக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. முதலிலிருந்து எண்ணினார். மறுபடி விட்டுப்போனது. மூன்றாவது தடவை எண்ணி முடித்து, பேரேட்டில் சிமெண்டின் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். ஒரு காசு மிச்சமில்லை. சிமெண்டு அந்த வீட்டுக்கு அதன்பின் போகவே இல்லை.

வண்டி இப்போது சொன்ன இடத்துக்குப் போகிறது. மனைவி பின்னால் உட்கார்ந்தால் மட்டும் வலது பக்கம் திரும்புகிறது. சிமெண்டு அதோடு மல்லுக்கட்டுவதில்லை. சகலையின் தெருமுனை வந்ததும் இறங்கிக்கொண்டு கைப்பிடியை விட்டுவிடுவார். வண்டி ஓட்ட ஆளில்லாமல் மெதுவாகப் போகும். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் நேராக உட்கார்ந்திருப்பாள். தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் வண்டியில் திரும்பி வரும்வரை அவர் முனையில் நிற்பார். வந்ததும் ஏறிக்கொள்வார். தங்கை எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.