பத்தொன்பதாம் பக்கத்தில் மூன்று பெயர்கள்

அரசு அறிக்கையின்படி தியுர்மாவின் தம்பியைக் கொன்றது அலை. வடக்குக் கடலில் காற்று பலமாக வீசியது, நான்கு மீட்டர் அலையில் மீன்வளத் துறையின் காவல் படகு கவிழ்ந்தது, பணியில் இருந்த மூவர் மூழ்கி இறந்தனர். நாலே வரி. அலை பாவம். அதற்கு வாயில்லை, மறுப்பறிக்கை விடத் தெரியாது.

படகை இடித்தது, பக்கவாட்டில் 5403 என்று எண் எழுதிய ஒரு கப்பல். வடக்கே இருக்கும் பெரிய நாட்டின் கப்பல். அந்த எண்ணை முதன்முதலில் தட்டச்சு செய்தவளே தியுர்மாதான். ஜகார்த்தாவில், வெளியுறவு அமைச்சகத்தின் வரைவுப் பிரிவில் அவள் அதிகாரி. உயிர் தப்பி வந்தவன் சொன்னதைக் கேட்டு, 'கப்பல் மோதியதில்' என்று எழுதி மேலே அனுப்பினாள். துணை அமைச்சர் ஹர்ஜாந்தோ பச்சை மையால் அதை அடித்தார். பக்கத்தில் 'அலையில்' என்று எழுதினார். இபு, அதாவது அம்மா, என்று மரியாதையாக அழைத்துச் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"கப்பல்னு எழுதினா வடக்கு வீட்டுக்கு வருத்தம், இபு. அப்புறம் அக்கரை வீட்டுக்காரன் நமக்கு ஆறுதல் சொல்றேன்னு போர்க்கப்பலோட வந்து நிப்பான். அலைன்னா யாருக்கும் கஷ்டமில்ல பாருங்க."

வடக்கு வீடு, அக்கரை வீடு என்பவை இரண்டு வல்லரசுகளுக்கும் அமைச்சகத்தில் வைத்திருந்த பெயர்கள். வடக்கு வீடு ரயில்பாதை போட்டுக் கொடுத்துவிட்டு நிக்கலை அள்ளிப் போகும். பெருங்கடலுக்கு அப்பால் இருக்கும் அக்கரை வீடு விமானங்களை விற்றுவிட்டு, அவற்றை நிறுத்தத் தனக்கும் ஓர் இடம் கேட்கும். நடுவில் குடியிருப்பவனுக்குப் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்குப் பிழைப்பு. அதையே கௌரவமாகச் சொன்னால் வெளியுறவுக் கொள்கை. தியுர்மாவும் இருபது வருடமாக அதை நம்பித்தான் சம்பளம் வாங்கினாள். அன்றும் மறுபேச்சில்லாமல் 'அலையில்' என்று தன் கையாலேயே அடித்துக் கொடுத்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து இறந்தவர்களின் பெயர்கள் வந்தன. சாஹ்ருல். யாஃபெத். மாரோலோப் சிஹோத்தாங். மூன்றாவது அவள் தம்பி.

பச்சை மை பட்ட தாளை அவள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். பழிக்கு அது பொருந்தாது. ஆற ஆறத்தான் அது கெட்டியாகிறது. இரண்டு வருடம் அவள் ஹர்ஜாந்தோவுக்கு வணக்கம் சொன்னாள், அவர் பேத்தியின் பிறந்தநாளுக்குப் பரிசு கொடுத்தாள், அவர் வரைவுகளை எழுதினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தம்பியைக் கொன்றது கப்பல் என்று அந்த ஆளே தன் வாயால், ஊரறியச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நாசமாகப் போக வேண்டும்.

அந்த வருடம் அக்கம்பக்கத்துப் பத்து நாடுகளின் கூட்டம் ஜகார்த்தாவில் கூடியது. அமைச்சர் டெங்குவில் படுத்துவிட்டதால் தலைமை ஹர்ஜாந்தோவுக்கு வந்தது. அவருக்கு அதில் சொந்தக் கணக்கும் இருந்தது. புதிதாக ஒரு கடல் ஆணையம் அமையவிருந்தது. அதன் தலைவர் நாற்காலிமேல் அவருக்குக் கண். இரண்டு பெரிய வீடுகளில் ஒன்றாவது கை தூக்கிவிடாமல் அந்த நாற்காலியில் யாரும் ஏற முடியாது.

கூட்டறிக்கைக்குப் பத்து நாடுகளும் ஒப்புக்கொள்ள ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நண்பகலில் வரைவு எல்லோருக்கும் போகும். மாலை ஐந்துக்குள் யாரும் ஆட்சேபம் எழுதவில்லை என்றால் அத்தனை பேரும் சம்மதித்ததாகப் பொருள். அதன் பிறகு ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் தொட முடியாது. பேசாமல் இருப்பதையே கையெழுத்தாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது.

தியுர்மா இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். பன்னிரண்டாம் பத்தியில் வடக்கு வீட்டை முகத்தில் அறைவதுபோல் ஒரு வரி வைத்தாள். அது தூண்டில் புழு. பத்தொன்பதாம் பக்கத்தில், 'சிறு மீனவர் பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், இதை எழுதினாள்: 'வடக்குக் கடலில் 5403 எண் கப்பல் மோதியதில் பணியின்போது உயிர்நீத்த சாஹ்ருல், யாஃபெத், மாரோலோப் சிஹோத்தாங் ஆகியோருக்கு அமைச்சர்கள் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினர்.' எந்த நாட்டின் பெயரும் இல்லை. எண் மட்டும்தான். அது யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியும்.

ஒரு மணிக்கே தொலைபேசி அலறியது. பத்தில் ஒரு நாடு வடக்கு வீட்டுக்குச் செல்லப்பிள்ளை. அதன் பிரதிநிதி அழைத்தார்.

"அம்மா, பன்னிரண்டாம் பத்தியில என்னத்த எழுதி வச்சிருக்கீங்க? இதை நான் மேல அனுப்பினா என்னையே திருப்பி அனுப்பிருவாங்க."

"நான் என்னங்க பண்றது? எல்லாம் மேலிடத்து உத்தரவு."

"மேலிடமாவது கீழிடமாவது. எடுத்துருங்கம்மா."

"எடுத்தா என் வேலை போயிரும். உங்க வீட்டுக்குத்தான் சோத்துக்கு வருவேன்."

"வாங்க, வாத்துக் கறியே போடறேன். முதல்ல அதை எடுங்க."

ஒன்றரை மணி நேரம் இழுத்தடித்து, இரண்டு முறை பெருமூச்சு விட்டு, கடைசியில் எடுத்தாள். செல்லப்பிள்ளைக்குப் பரம சந்தோஷம். ஜெயித்தவன் மீதிப் பக்கங்களைப் புரட்டுவதில்லை. ஹர்ஜாந்தோவின் அறையிலிருந்தும் 'பார்த்தேன்' என்ற முத்திரையோடு கோப்பு திரும்பி வந்தது. ஐந்து மணி ஆயிற்று. ஒருவரும் மூச்சு விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவரின் இலையிலேயே இன்னொரு பூசணியை மறைத்துவிட்டோம் என்று தியுர்மா கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலை இரண்டு பெரிய வீட்டு அமைச்சர்களும் விருந்தினராக வந்து அமர்ந்தார்கள். ஹர்ஜாந்தோ வாசித்துக்கொண்டே போனார். அஞ்சலிப் பத்தி வந்ததும் வழக்கம்போல் எல்லோரும் எழுந்தார்கள். வடக்கு வீட்டு அமைச்சரும் எழுந்து தலை குனிந்தார். காதில் மொழிபெயர்ப்பு சற்றுப் பின்தங்கி வந்தது. எண் காதில் விழுந்ததும் தலை மெல்ல நிமிர்ந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தன் கப்பல் கொன்றவர்களுக்குத் தானே ஒரு நிமிடம் நின்று தீர்த்தார்.

அது இனித்தது. இரண்டு வருடத்தில் அவள் வாயில் பட்ட ஒரே இனிப்பு. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஹர்ஜாந்தோவை. திக்குவார், நாக்கு குழறும், முகம் வெளுக்கும் என்று எத்தனை முறை கற்பனை செய்திருப்பாள்! மனிதர் ஒரு சொல்லில்கூடத் தடுக்கவில்லை. நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, அந்த எண்ணை இன்னொரு முறை வாசித்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஆள் பத்தொன்பதாம் பக்கத்தை முன்பே படித்திருக்கிறார்.

ஒரே வாரத்தில் ஹர்ஜாந்தோ நாட்டின் நாயகன் ஆனார். வல்லரசின் முகத்துக்கு நேரே கப்பலின் எண்ணைச் சொன்ன மனிதர் என்று பத்திரிகைகள் எழுதின. ஆணையத் தலைவர் பதவிக்கு அவரையே ஆதரிப்பதாக அக்கரை வீடு அறிவித்தது. அவர் தியுர்மாவை அறைக்கு அழைத்து, மல்லிகைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"பத்தொன்பதாம் பக்கம் நல்லா எழுதியிருந்தீங்க, இபு."

"படிச்சீங்களா, பாக்?" ஐயா என்று மரியாதை குறையாமல்தான் கேட்டாள்.

"நான் எல்லாத்தையும் படிப்பேன். அதுக்கு முந்தின நாள்தான் வடக்கு வீட்டுக்காரங்க எனக்கு ஆதரவு இல்லைன்னு சொல்லியனுப்பியிருந்தாங்க. கடவுளாப் பார்த்து உங்க கையால எழுத வச்சார்."

தேநீரை அந்த முகத்தில் வீசலாமா என்று இருந்தது அவளுக்கு. "அந்தப் பச்சை மைத் தாள் எங்கிட்ட இருக்கு" என்றாள்.

"தெரியும். வெளிய விடுங்களேன்." அவர் குரல் உயரவே இல்லை. "நாளைக்கே வடக்கு வீட்டுக்காரன் அதைத் தூக்கிக் காட்டுவான். 'கீழ இருந்த அம்மா தப்பா எழுதினாங்க, மேலதிகாரி அலைன்னு திருத்திட்டார், பாருங்க'ம்பான். என்னை அடிச்சா உங்க தம்பி திரும்பவும் அலையில சாவார். ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல அடிக்க முடியாது, இபு. நம்ம நாட்டுக்கே அந்த வசதி கிடையாதே."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளியைக் கையில் எடுப்பது?

"இன்னொரு விஷயம்" என்றார். "பாலிகேல உங்க தம்பிக்கு நினைவுக்கல் வைக்கறாங்களாமே. நானே வந்து திறக்கறேன். அவர் மனைவியும் பக்கத்துல நின்னா நல்லாயிருக்கும்."

பாலிகே தோபா ஏரிக்கரையில் பட்டாக் இனத்தவர் வாழும் ஊர், அவளுடைய ஊர். தம்பி மனைவி ரோஸ்பித்தா அங்கே சந்தையில் சோற்றுக்கடை வைத்திருந்தாள். தியுர்மா தொலைபேசியில் ஒன்று விடாமல் சொன்னாள்.

"பச்சை மைக்காரனா?"

"அவனேதான். போட்டோ வேணுமாம் அவனுக்கு."

ரோஸ்பித்தா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "உன் பேப்பரு, உன் ஐந்து மணி, உன் பத்து நாடு, எல்லாத்தையும் பார்த்தாச்சு. கடைசியில அவன்தானே மாலை போட்டுக்கிட்டான்? வரச் சொல்லு மதினி. நல்லா கவனிச்சு அனுப்பறேன்."

"கத்திகித்தி எதையாவது தூக்கிராதடி."

"ச்சீ. அது நான் மீன் வெட்டற கத்தி. அவன் மேல பட்டா அப்புறம் யாரு கழுவறது?"

நினைவுக்கல் திறக்கும் நாளில் நூற்றுக்கணக்கான பேர் கூடினார்கள். மேளங்கள் முழங்கின. அக்கரை வீட்டுத் தூதரகத்திலிருந்து இருவர் வந்திருந்தார்கள். ஹர்ஜாந்தோ மாரோலோப்பைப் பற்றி உருகி உருகிப் பேசினார். முடிவில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு விருந்தினருக்குத் துணி போர்த்தும் சடங்கு. இறந்தவனின் மனைவியே போர்த்தட்டும் என்று ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்.

ரோஸ்பித்தா மேடை ஏறினாள். கையில் கருநீலத்தில் நெய்த துணி, மடித்த மடிப்போடு. விருந்தினருக்குச் சிவப்பும் பொன்னுமாகத்தான் போர்த்துவார்கள், அதுவும் தோளில். அவள் அதை உதறி அவர் தலையில் போட்டாள். இரண்டு நுனிகளையும் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டாள். பட்டாக் மொழியில், இனிக்க இனிக்க, ஒலிபெருக்கி கேட்கச் சொன்னாள்:

"என் புருஷனைத் தூக்கிக்கிட்டு வந்த அன்னிக்கு என் தலையில போட்ட துணி. இனிமே இது உனக்கு."

மேளங்கள் நின்றன. முன்வரிசைக் கிழவர்கள் தட்டிக்கொண்டிருந்த கையை மடியில் போட்டார்கள். ஒரு மூதாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டாக் மொழி தெரியாத ஹர்ஜாந்தோ, அந்த அமைதியை மரியாதை என்று எடுத்துக்கொண்டு கைகூப்பிக் குனிந்தார். ஜகார்த்தாவிலிருந்து வந்த புகைப்படக்காரர்கள் படம் படமாகச் சுட்டுத் தள்ளினார்கள். இருபது வருடம் தியுர்மா கற்ற வித்தைக்கு எட்டாதது, ஒரு முழத் துணிக்கு எட்டிவிட்டது.

விமான நிலையத்துக்குத் திரும்பும் காரில் ஹர்ஜாந்தோ கைபேசியைக் காட்டினார். அக்கரை வீட்டுத் தூதர் அனுப்பியிருந்தார்: அருமையான படம், உலகம் முழுக்கப் போகும்.

"ரொம்பப் பாசமான ஜனங்க, இபு. ஆனா மேளம் ஏன் திடீர்னு நின்னுச்சு?"

தியுர்மா அவசரப்படவில்லை. "தலையில போட்டாங்களே, அது விருந்தாளித் துணி இல்ல, பாக். புருஷன் செத்தா பொண்டாட்டி தலையில போடற துணி. சாவுத் துணி."

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. இழுத்து மடியில் போட்டவர், அதைத் தொட்ட விரல்களைக் கால்சட்டையில் துடைத்தார். வீடு மாறக்கூட நல்ல நாள் பார்க்கிற ஜாவாக்காரர். முகம் சாம்பல் பூத்துப் போயிற்று.

"எடுத்தாச்சு. அவ்வளவுதானே?"

"நாம எடுத்தா எடுத்ததா ஆகாது. போட்டவங்க கையாலதான் எடுக்கணும். இல்லைன்னா கடைசி வரைக்கும் தலையிலதான் இருக்கும்பாங்க. அந்தப் படத்தைப் பார்க்கற ஒவ்வொரு பட்டாக்குக்கும் அது தெரியும்."

முன்னால் டிரைவர், அவரும் பட்டாக்குதான், கண்ணாடியில் பார்ப்பதைத் தவிர்த்தார்.

"அப்ப அந்தம்மாகிட்ட பேசுங்க. எடுக்கச் சொல்லுங்க."

"என்ன சொல்லிக் கேக்க, பாக்? அவ ஏன் போட்டான்னு நாலு பேர் கேப்பாங்க. நீங்கதான் பதில் சொல்லணும்."

இரண்டு வல்லரசுகளையும் ஒரே நாக்கால் சமாளித்த மனிதர், விரல்களை மறுபடியும் கால்சட்டையில் துடைத்தார்.

விமான நிலைய வாசலில் அக்கரை வீட்டுத் தொலைக்காட்சி காத்திருந்தது. கார் நின்றதும் ஒரு பெண் கண்ணாடியைத் தட்டி, அந்தத் துணியோடு ஒரு பேட்டி வேண்டும் என்று கெஞ்சினாள். ஹர்ஜாந்தோ மடியில் கிடந்ததைப் பார்த்தார், தியுர்மாவைப் பார்த்தார்.

"போட்டுக்கங்க, பாக். எல்லாரும் பார்க்கறாங்க."

அவரே அதைத் தலைமேல் எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு நுனி கோணலாகத் தொங்கியது. தியுர்மா எட்டி, அதைத் தாடைவரை இழுத்துச் சரியாக வைத்துவிட்டு, கதவைத் திறந்தாள்.