பத்து தடவை தாங்கும் பூச்சு

மேலே கோட்டு, இடுப்பில் கட்டின சாரம். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து ஸ்டெனி உட்கார்ந்திருந்த கோலத்துக்கு ரெஜிலா விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது. கட்டின புருஷன்மேல் பொறாமைப்படுகிறவளை ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஜெனீவாவிலிருந்து இருபது நாள் லீவில் சொந்த ஊரான கருங்கலுக்கு வந்தும் ஆய்வுக்கூடத்துக் கூட்டம் அவனை விடவில்லை. தொண்ணூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு மண்ணுக்கடியில் வளையம் வெட்டி, அதற்குள் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் ஓடவிட்டு மோதவைக்கிற மெஷினுக்குத் திட்டம் போடுகிறார்கள். வருமா வராதா என்றே முடிவாகவில்லை. ஆனால் அவை ஓடுகிற குழாயின் உள்சுவரில் என்ன பூசுவது என்று இப்போதே சண்டை. குழாயில் மிஞ்சிய காற்றைப் பூச்சு உறிஞ்ச வேண்டும். உறிஞ்சி அலுத்ததும் சூடாக்கி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். தடித்தால் துகளோட்டம் கெடும், மெலிந்தால் பூச்சு சீக்கிரம் செத்துவிடும்.

அந்த மெலிந்த பூச்சு ரெஜிலாவினுடையது. பதினொரு வருஷத்துக்கு முன் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் அவள்தான் பூசினாள், சூடாக்கினாள், நோட்டில் எழுதினாள். பக்கத்து மேசையில் ஸ்டெனி வேறு எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி மகள் ஜெனிலா வயிற்றில் வந்ததும் ரெஜிலா ஆய்வைப் பாதியில் விட்டு ஊருக்கு வந்தாள். நோட்டு அலமாரிக்குப் போனது, பூச்சு அவனோடு விமானம் ஏறியது. அவன் திருடனில்லை. எந்த மேடையிலும் 'நாங்கள் பார்த்தோம்' என்றுதான் சொன்னான். அந்த 'நாங்கள்' எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை.

இன்று பூச்சுக் குழுவுக்குத் தலைவரை முடிவு செய்கிறார்கள். ரெஜிலா அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தாள். கூட்டத்தை நடத்துகிற அம்மாள் ஏதோ கேட்டாள். ஸ்டெனி மைக்கை அணைத்துவிட்டுக் கழுத்தைத் திருப்பினான்.

"ஏட்டி ரெஜி, மெலிஞ்ச பூச்சு எத்தன தடவ சூடாக்கினா தாங்கும்? நீதானே பாத்த?"

நாலு. ஐந்தாவது தடவை அது செத்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஆய்வுக்கூடத்துப் படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். மறக்கிற எண்ணா அது?

"பத்து," என்றாள்.

"பத்தா? உள்ளதா?"

"நான் என்னத்துக்குப் பொய் சொல்லணும்?"

அவன் மைக்கைத் திறந்து அப்படியே சொன்னான். ரெஜிலா கத்தியும் கையுமாக நின்றாள். அங்கே எவனாவது அளந்து பார்த்திருப்பான், கேட்பான், கோட்டுக்காரர் கொஞ்சம் வியர்க்கட்டும். நினைத்தபடியே நடந்தது. எங்களால் நாலைத் தாண்ட முடியவில்லையே, பத்து யார் பார்த்தது என்று ஒரு கிழவர் கேட்டார். அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இனி அந்த 'நாங்கள்' எப்படித் தப்பிக்கிறது பார்க்கலாம்.

"என் மனைவி ரெஜிலா," என்றான் ஸ்டெனி. "இந்தப் பூச்சே அவளுடையதுதான். இத்தனை வருஷம் அதைத் தெளிவாகச் சொல்லாதது என் தப்பு."

அந்த அம்மாள் எல்லோருக்கும் தெரியும்படி திரையில் தட்டினாள்: ரெஜிலா, பத்து தடவை. அளவு உறுதியானால் திட்டத்தையே மாற்றி எழுதலாம், அவரும் குழுவுக்கு வரட்டும் என்றாள். ஸ்டெனி மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினான். முகமெல்லாம் பல்.

"பாத்தியா? உன் பேரு."

ரெஜிலா கத்தியைக் கீழே வைத்தாள். அந்தக் கூட்டத்தில் ஒருநாள் உட்கார்ந்தால் முதலில் என்ன பேசுவது என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் பேசிப் பார்த்தவள் அவள். நல்ல நல்ல வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தாள். செதிள் ஒட்டிய கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்து மைக்கைத் திறந்தாள். கட்டம் கட்டமாக இருந்த முகங்கள் எல்லாம் அவளைப் பார்த்தன.

"நான்தான் ரெஜிலா. நாலு தடவைதான் தாங்கும். பத்து என்று வேண்டுமென்றே சொன்னேன்."

ஸ்டெனி நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வைக்கு அவள் முகம் கொடுக்கவில்லை, திரையையே பார்த்தாள். அந்த அம்மாள் எண்ணை அழித்தாள். பிறகு கர்சர் நகர்ந்து, ரெஜிலாவின் பெயருக்குப் பக்கத்தில் வந்து நின்றது.