நூற்றுப் பதின்மூன்று நாள்

தெருவில் அவருக்குப் புள்ளிவிவரம் என்றுதான் பெயர். பொது அறிவு வினா விடைப் புத்தகம் எழுதிப் பிழைக்கிறவர். மூன்று இடத்தில் சரிபார்க்காமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போகாது. ஆனாலும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே ஒரு பொய்யைத் தெரிந்தே சேர்ப்பார். அவர் உழைப்பை அப்படியே சுருட்டி, வேறு அட்டை போட்டு விற்கிறவர்களுக்கு வைத்த பொறி அது. அந்தப் பொய் இன்னொருவர் புத்தகத்தில் தலைகாட்டினால் திருடன் கையும் களவுமாகப் பிடிபடுவான். இதில் அவருக்குக் கொஞ்சம் குஷியும் உண்டு.

போன புத்தகத்தில் வைத்த பொய் ஒரு மாலுமி. கப்பல் மூழ்கியபின் மிதவையில் கிடந்து, மழைத்தண்ணீரைக் குடித்தே நூற்றுப் பதின்மூன்று நாள் உயிரோடிருந்தவன். அதை எழுதிய அன்று அவர் ஏறிவந்த பஸ்ஸின் எண் நூற்றுப் பதின்மூன்று, அவ்வளவுதான்.

இப்போது அக்கா மகன் சமையல் வேலைக்குப் போன சரக்குக் கப்பல் மூழ்கி எழுபத்தேழு நாள். தேடுவதை நிறுத்தியாயிற்று. அவன் இறந்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லி கம்பெனியிலிருந்து காகிதமும் வந்துவிட்டது.

"கையெழுத்துப் போடமாட்டேங்கிறா மாப்ள. தினம் அவனுக்கும் சேத்து ஆக்கி வைக்கிறா," என்றார் அத்தான், வாசலிலேயே மறித்து. "எல்லாம் உன் புத்தகத்துல அந்த மாலுமியைப் படிச்சதால வந்தது. நீயே சொல்லிடு."

அக்கா அடுப்படியில் இருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். சுற்றி வளைக்க இவருக்குத் தெம்பில்லை.

"அக்கா, அந்த மாலுமி கதை நான் இட்டுக்கட்டினது. அப்படி ஒருத்தன் கிடையாது. திருடங்களைப் பிடிக்க எழுதினேன்."

"அத்தான் சொல்லச் சொன்னாரா?"

"சத்தியமா பொய்க்கா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து நான்கு புத்தகங்களை எடுத்துப் போட்டாள். நான்கு அட்டை, நான்கு பெயர். நான்கிலும் அதே மாலுமி. ஒன்றில் அவனுக்குத் தாடிகூட முளைத்திருந்தது.

"நீ ஒருத்தன் பொய் சொல்லுவே. நாலு பேருமா சொல்லுவாங்க? மூணு இடத்துல இருந்தா உண்மைன்னு நீதானே சொல்லுவே. நான் நாலு இடத்துல பாத்துட்டேன்."

"அவங்கல்லாம் என்கிட்டேருந்து..." என்று ஆரம்பித்து அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். வலை வீசித் தேடிய திருடர்கள் அத்தனை பேரும் அக்கா பக்கம் சாட்சியாக நின்றார்கள்.

"பெத்தவ நானே காத்துக்கிட்டிருக்கேன். அவன் செத்தான்னு சொல்ல உனக்கென்னடா அவசரம்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். இவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை.

"நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல," என்றாள் அக்கா. "நூத்திப் பதிமூணுக்கு இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கு. அதுக்கு மறுநாள் காகிதத்தைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

இவர் சரியென்று தலையாட்டினார். அவள் மகன் அன்றைக்குத்தான் சாகப் போகிறான். நாள் குறித்துக் கொடுத்தது தாய்மாமன்.