புளிப்பு தட்டும் பால்

'அசெஸன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு புது அகராதிக்காக அவள் மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். லத்தீனில் புளிப்பாக மாறுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல். பாலுக்கும் ஒயினுக்கும்தான் அதிகம் வரும். பழைய அகராதிக்காரர் 'புளித்த' என்று ஒரே வார்த்தையில் கைகழுவியிருந்தார். அது அவளுக்கு ஒப்பவில்லை. 'எஸன்ட்' என்ற அந்த வால், மாற்றம் இன்னும் முடியவில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றல்லவா சொல்கிறது?

"யாரும் தேடிப் பார்க்காத வார்த்தைக்கா இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்றார் பதிப்பாசிரியர். "பால் வேலை தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டு முடிங்க."

தெரிந்தவள் ஒருத்திதான். பால் பண்ணையில் பரிசோதனை பார்க்கும் அக்கா. அம்மா போன பிறகு வீட்டைப் பூட்டிவைப்பதா வாடகைக்கு விடுவதா என்ற பேச்சில் வாய் தடித்து, இரண்டு வருடமாக முகத்தில் முழிக்கவில்லை. அதுவரை அக்கா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் அகராதி"தான். வேலையும் அது, குணமும் அது என்பாள்.

மதிய இடைவேளையில் மாடிப்படியில் நின்று போன் செய்தாள்.

"சொல்லு," என்றாள் அக்கா. பின்னால் பால் கேன்கள் உருளும் சத்தம் கேட்டது.

"ஒரு வார்த்தைக்காகத்தான்க்கா. பால் இன்னும் கெடல, ஆனா கெட ஆரம்பிச்சிடுச்சு. அதை எப்படிச் சொல்வீங்க?"

"புளிப்பு தட்டுதுன்னு சொல்வோம். வாசனைதான் மாறியிருக்கும், குடிக்கிறவனுக்குத் தெரியாது. அடுப்புல வெச்சா திரிஞ்சிடும்."

அவள் எழுதிக்கொண்டாள். கேட்க வேண்டியது முடிந்துவிட்டது. ஆனாலும் போனை வைக்க மனம் வரவில்லை.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"இன்னும் இல்ல."

"மணி ரெண்டாச்சு." அதோடு நிறுத்தாமல், "அம்மா பீரோவை நான் இன்னும் திறக்கல. தனியா திறக்க தைரியம் வரல. சனிக்கிழமை எனக்கு லீவு," என்றாள்.

அன்று சாயங்காலம் 'புளிப்பு தட்டும்; புளிக்கத் தொடங்கும்' என்று எழுதி, 'பெரும்பாலும் பால், ஒயின் குறித்து' என்று சேர்த்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஊருக்குப் போய் இறங்கினாள். நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள், பாதியாக இளைத்து. இருவரும் அம்மா வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தார்கள். அம்மாவின் வாசனை அப்படியே இருந்தது. எதையும் எடுக்காமல், மதியம்வரை அதன் முன்னாலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.