பெரிய வெள்ளிக்கிழமை மாட்டிய சீல்

பாலக்கரையில் யாரைக் கேட்டாலும் என் கைராசியைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். இன்னாசிராஜ் தொட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வராது என்பார்கள். ஒரு முறை வந்தது. அதை நான் எப்படி மறைத்தேன் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாது.

அறுபத்தொன்றாம் வருஷம், தவக்காலத்தின் கடைசி வாரம். ஸ்ரீரங்கத்து வக்கீல் தேசிகாச்சாரியின் மாரிஸ் மைனரை அவருடைய டிரைவர் பிச்சமுத்து என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். காட்டூர்க்காரர், ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் டிரைவர். வண்டி நின்ற இடமெல்லாம் எண்ணெய். கியர்பாக்ஸின் பின்பக்கம், ஷாஃப்ட் வெளியே வரும் வாயில், எண்ணெயைத் தடுத்து நிறுத்த வளையமாக ஒரு சீல் இருக்கும். அதன் ரப்பர் உதடு தேய்ந்துபோயிருந்தது. சின்ன வேலைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வக்கீலின் மகனுக்குக் கும்பகோணத்தில், பெண் வீட்டில் நிச்சயதார்த்தம். மெட்ராஸிலிருந்து வரவேண்டிய புது சீல் வியாழன் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது.

மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. எங்கள் வீடுகளில் அன்றைக்குச் சுத்தியல் எடுக்க மாட்டோம். ஆண்டவரை ஆணியால் அறைந்த நாள்; தட்டும் சத்தமே கேட்கக் கூடாது. ஒழுங்கானவன் ஷெட்டையே திறக்க மாட்டான். நான் திறந்தேன். சொன்ன நாளில் வண்டியைக் கொடுத்தான் என்ற பேரும் வேண்டும், பக்தியுள்ளவன் என்ற பேரும் வேண்டும். சத்தமில்லாமல் முடித்துவிடுவேன் என்று என் மனைவி சகாயம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

ஷாஃப்டைக் கழற்றி உருவினேன். பழைய சீலை நெம்பி எடுத்தேன். புதியதை உட்கார வைக்க, அதன்மேல் மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறங்கினால்தான் உதடு ஷாஃப்டைக் கவ்வும். நான் மல்லாந்து படுத்தபடி கட்டையை உள்ளங்கையால் அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் வலிக்க வலிக்க அழுத்தினேன். ஒரு ஓரம் மட்டும் நகக்கனத்துக்கு வெளியே நின்றது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. மூன்று மணிக்குச் சிலுவைப் பாதை. அவசரமாக ஷாஃப்டை மாட்டி, எண்ணெய் ஊற்றி, கை கழுவிக்கொண்டு கோவிலுக்குப் போய் முழந்தாளிட்டேன். வேலையையும் முடித்தோம், சுத்தியலையும் தொடவில்லை என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு. அந்தத் திருப்தியை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை பிச்சமுத்து வண்டியை எடுத்துப்போனார். சாயங்காலம் பஸ் பிடித்துத் தனியாகத் திரும்பி வந்தார். நான் அன்று ராத்திரி நடக்கும் பாஸ்கா பூசைக்கென்று தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

"அண்ணே, இன்னும் சொட்டுதுங்க. மத்தியானம் நிறுத்துன எடத்துல தரை நனைஞ்சிருக்கு. வண்டியை எடுத்தாரட்டுமா?"

எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். சுத்தியல் எடுக்கவும் தடையில்லை. ஆனால் புதுச் சட்டையைக் கழற்றி மறுபடி மல்லாக்கப் படுக்க வேண்டும். அதைவிட, சீல் கோணலாக நிற்பதை அவர் கண்ணால் பார்த்துவிடுவார். புது சீல் என்றால் முதலில் கொஞ்சம் கசியும், ரெண்டு நாளில் படிந்துவிடும், தைரியமாகப் போய்வாருங்கள் என்றேன். வழியில் எண்ணெய் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேலை தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்பிப் போனார்.

ஞாயிறு காலை செங்கிப்பட்டியைத் தாண்டியதும் கியர்பாக்ஸ் ஊளையிட்டு, இறுகி, நின்றே போனது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளையும் பழக்கூடைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்கள். போய்ச் சேர்வதற்குள் முகூர்த்த நேரம் கடந்துவிட்டது.

திங்கட்கிழமை வண்டியை லாரியில் கட்டி இழுத்துவந்தார்கள். பின்னாலேயே வக்கீல் வந்தார். பிச்சமுத்துவை என் எதிரே நிறுத்தினார். கோர்ட்டில் கேட்பது போல நிதானமாகக் கேட்டார்.

"இன்னாசி, எண்ணெய் சொட்டறதுன்னு சனிக்கிழமையே இவன் உங்கிட்ட வந்து சொன்னானாமே, வாஸ்தவமா?"

"இல்லைங்க. வரவே இல்லைங்க."

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பிச்சமுத்து சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, என் பொய்யை நானே நம்பியிருப்பேன். அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். வக்கீல் கையை நீட்டினார். பிச்சமுத்து சாவியை அதில் வைத்துவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தார். அன்றே கியர்பாக்ஸை இறக்கி, அந்தக் கோணல் சீலை யார் கண்ணிலும் படாமல் குப்பையில் போட்டேன். பெரிய வெள்ளிக்கிழமை சுத்தியலைத் தொடவே பயப்படுகிறவன் பொய் சொல்வானா என்று வக்கீல் ஊரெல்லாம் சொன்னார். எனக்கு வேலை கூடியது. பிச்சமுத்துவை ஒருவரும் டிரைவராக வைத்துக்கொள்ளவில்லை. அரியமங்கலத்தில் ஒரு மில்லில் அவர் மூட்டை தூக்குகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஐந்து மாதம் பொறுத்துப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். என்னிடம் சொன்னால் போதாது, யாருக்கு நஷ்டமோ அவனிடம் போய்ச் சொல் என்றார் சாமியார். வக்கீலிடம் போக எனக்குத் தைரியம் இல்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் சைக்கிளை மிதித்துக்கொண்டு காட்டூருக்குப் போனேன்.

பிச்சமுத்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். அது வேறு எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் சனிக்கிழமை வந்தீர்கள், நான்தான் வரவில்லை என்று பொய் சொன்னேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"வந்தேன்னு எனக்குத் தெரியாதாண்ணே? எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? எம் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க. நான் எங்கயோ குடிச்சிட்டுக் கெடந்துட்டு, ஒங்ககிட்ட வந்ததா பொய் சொல்றேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. அவகூட நம்பலைங்க."

சொல்கிறேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி அழகம்மாள் செம்பில் தண்ணீரோடு வந்தாள். கையில் வளையல் இல்லை, வெறும் மஞ்சள் கயிறுதான் கழுத்தில். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க தேடி வந்ததே பெரிசு. தான் செஞ்ச தப்புக்கு இவரு ஒங்க பேரை இழுத்துவிட்டாரு. அதை மனசுல வச்சுக்காதீங்க. இவருக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பாலக்கரையிலிருந்து வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. பிச்சமுத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

"அதை விடும்மா. நான் அன்னைக்கே மறந்துட்டேன்" என்றேன்.

பெரிய மனசு என்று அவள் என்னைக் கைகூப்பிக் கும்பிட்டாள்.