சுருட்டின் கடைசிப் பாகம்

என் கணவருக்குத் தொழிலில் "மூக்கர்" என்று பெயர். சுருட்டுப் பிரியர்களுக்காக வரும் ஒரு மாதப் பத்திரிகையில், விலை உயர்ந்த கியூபாச் சுருட்டுகளைச் சுவைத்துப் பார்த்து மார்க் போடுவது அவர் வேலை. அவர் தூக்கி எழுதினால் கடைகளில் பெட்டி பெட்டியாகப் போகும். சீச்சீ என்றால் தூசி படிந்து கிடக்கும். அந்த மூக்கை எடுத்துவிட்டால் மனுஷனிடம் மிச்சம் ஒன்றுமில்லை, எனக்கே தெரியும்.

பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் சுருட்டு அதை உறிஞ்சிக்கொள்ளுமாம். அதனால் அவர் சுவை பார்க்கும் நாளில் வீட்டில் வெங்காயம் வதக்கக் கூடாது, எண்ணெய் காயக் கூடாது, நான் பவுடர் போடக் கூடாது. நானோ அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஷாம்பூவிலும் சென்ட்டிலும் ஊறுகிறவள். அந்த நாட்களில் அங்கேயே வெறும் தண்ணீரில் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் என் வீட்டுக்குள் நானே நுழைய வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து இதே கூத்து.

போன வாரம் நிலையத்தில் ஒரு பெரிய ரோஜா சென்ட் பாட்டில் கைதவறி உடைந்து, கழுத்திலிருந்து கால் வரை என் மேல் கொட்டிவிட்டது. மாற்றுத் துணியும் நனைந்து போனது. எனக்கே தலை சுற்றியது, வேறெந்த வாசனையும் மூக்கில் ஏறவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பத்திரிகை ஆசிரியர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வருஷக் கடைசியில் நடக்கும் பெரிய போட்டிக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவருக்கு அதில் இடம் உண்டா இல்லையா என்பது அன்று தெரிந்துவிடும். செத்தேன் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

உள்ளே இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் கண்ணாடிக் குழாயில் மூடிக் கொண்டுவந்த ஒற்றைச் சுருட்டு ஏற்கெனவே இவர் கையில் புகைந்துகொண்டிருந்தது. வழக்கம்போல அதன் காகித வளையத்தைக் கழற்றிவிட்டிருந்தார்கள், என்ன பெயர் என்று தெரியாமல் சுவைத்தால்தான் அது சுத்தமான தீர்ப்பாம். நான் இவருக்குப் பின்னாலேயே நடந்து போனேன். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சுருட்டை மூன்று பாகமாகப் பிரித்துச் சுவை சொல்வார், அதில் மும்முரமாக இருந்தார்.

"முதல் பாகத்துல தேவதாரு மரம், வறுத்த காபிக்கொட்டை. ரெண்டாம் பாகத்துல தேன், கொஞ்சம் தோல் வாசம். சாம்பல் உதிராம நிக்குது பாரு, உருட்டினவன் கை அப்படி."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். "என்ன அண்ணி, சென்ட் தூக்குதே!"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நொடிதான். அடுத்த நொடி எழுந்து நின்று கத்தினார். "அறிவிருக்கா உனக்கு? எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்! போ உள்ள!"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் மனிதர் முன்னால் என்னை ஒரு வார்த்தை சொன்னால் நான் பத்துச் சொல்கிறவள். ஆனால் அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. மனுஷனுக்கு வாசனையே தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு சுவரோரமாக நின்றேன். "பாட்டில் உடைஞ்சுடுச்சு, மன்னிச்சிடுங்க" என்று பூனை மாதிரி சொன்னேன். நானா அது என்று எனக்கே அதிசயம்.

"போதும் அண்ணே, இதோட விட்டுடுங்க" என்றார் ஆசிரியர்.

"கடைசிப் பாகத்தைப் பாக்காம மார்க் போட்டா அது அயோக்கியத்தனம்பா" என்று சொல்லி, விரல் சுடும் வரை இழுத்தார் இவர். தொண்ணூற்று நான்கு கொடுத்தார். ஆசிரியர் நன்றி சொன்னார், இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், போய்விட்டார். போட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

திருதிருவென்று விழித்தார். அப்புறம் நாற்காலியில் சரிந்தார். "போன மாசம் படுத்துக் கிடந்தேனே, அந்தக் காய்ச்சலுக்கப்புறம். வந்துடும் வந்துடும்னு இருந்தேன். நாக்குல கசப்பும் இனிப்பும் மட்டும் தெரியுது. மத்ததெல்லாம் பழைய ஞாபகத்துலேர்ந்து எடுத்து விடறேன்."

"அட பாவி மனுஷா, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"உன்கிட்ட சொன்னா நிஜமாயிடும்ல."

உள்ளே போய் மூன்று தடவை தலைக்கு ஊற்றிக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் தெளிந்திருந்தார், கண்ணில் ஒரு பளபளப்பு.

"இனிமே நீ மோந்து சொல்லு, நான் எழுதறேன். போட்டிக்கும் நீ பக்கத்துல இரு. யாருக்குத் தெரியப்போகுது?"

பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் சரி என்றேன். சாம்பல் கிண்ணத்தில் கிடந்த துண்டை எடுத்து மூக்கில் வைத்தேன். குமட்டியது. கண்ணாடிக் குழாயையும் எடுத்து மோந்தேன். அதே நாற்றம், இன்னும் கடுமையாக.

"என்ன?" என்றார் ஆசையாக. "தேனா? மரமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "பாச்சை உருண்டைங்க. பழைய துணி பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு."

குழாயை வாங்கி, தன் மூக்கருகே கொண்டுபோய், பாதியில் நிறுத்திக் கீழே வைத்தார்.

"குழாய்க்குள்ள தானா போகாது. அவன்தான் போட்டு வச்சிருக்கான்" என்றார். "மூக்குள்ளவன் எவனும் இதை ரெண்டாவது தடவை இழுக்க மாட்டான்."

"அந்த நாயை இப்பவே போன்ல கூப்பிட்டு நாலு கேள்வி கேக்கறேன்!" போனைக் கையில் எடுத்தேன்.

"வேணாம். நானா இருந்தாலும் அப்படித்தான் சோதிச்சிருப்பேன்." பிறகு, சின்னக் குரலில் கேட்டார். "நான் தேன்னு சொன்னப்ப, அவன் சிரிச்சானா?"

அவர் கேட்டது அது ஒன்றைத்தான். நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

"இல்லீங்க. கண்ணைத் தொடச்சுக்கிட்டே இருந்தார். புகைன்னு நெனச்சேன்."

அதைக் கேட்டதும்தான் அவர் அழத் தொடங்கினார்.