மணல் கூடிய கலவை

கட்டட வேலையில் தினமும் பசை மூட்டை சுமந்தே அந்தக் கம்பெனியின் மேல் அவனுக்கு நம்பிக்கை வந்தது. டைல்ஸ் ஒட்டும் பசை செய்கிற சின்னக் கம்பெனி. கலவை போடுகிற தன்னைவிட அந்தப் பசையை அறிந்தவன் எவன் என்று, சேர்த்து வைத்ததையெல்லாம் அதன் பங்குகளில் போட்டான். தையல் கடை வைக்கப் பணம் சேர்த்திருந்த அக்காவையும் இழுத்துவிட்டான். அன்றிலிருந்து வேலையிடத்தில் அவனுக்குப் பெயர் 'முதலாளி'.

நேற்றுச் சாயங்காலம் கம்பெனி அறிவித்தது: புதுப் பங்குகள் விடப் போகிறார்களாம், அதுவும் இப்போதைய விலையைவிடக் குறைத்து. இவன் அக்கா வீட்டுக்கே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "புதுசா பங்கு விடுறான்னா கம்பெனி வளருதுக்கா" என்று அளந்துவிட்டு வந்தான்.

காலையில் மேஸ்திரியிடமும் அதையே அளந்தான். அவர் மட்டப்பலகையைக் கீழே வைத்தார்.

"ஏய்யா முதலாளி, அதே சிமெண்ட்ல இன்னும் மணலைக் கொட்டுனா என்ன ஆகும்?"

"பலம் போயிடும்."

"இங்கயும் அதே கதைதான்யா. அதே கம்பெனி, அதே லாபம், பங்கு மட்டும் கூடுது. கம்பெனியே மலிவா குடுக்கறப்போ, உன்கிட்ட எவன் கூட விலைக்கு வாங்குவான்?"

"வர்ற பணத்துல தொழிலைப் பெருக்குவாங்கல்ல?"

"பெருக்குனா நல்லதுதான். அதுவரைக்கும் விலை நிக்கணுமே!"

சந்தை திறந்ததும் சாரத்தின் பின்னால் ஒதுங்கிப் போனைப் பார்த்தான். விலை வழுக்கிக்கொண்டிருந்தது. சின்னக் கம்பெனியின் பங்கு. வாங்க வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கையிலிருந்ததை விற்கப் போட்டான். பாதி விற்றுப்போனது. மீதிக்கு ஆள் வரக் காத்திருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"விலை இறங்குதேடா தம்பி, வித்துடட்டுமா?"

அவளும் விற்க வந்தால் விலை இன்னும் சரியும், தன் மீதி விற்காமல் நின்றுவிடும். கலவை போடுகிறவன் மண்டைக்குள் அந்தக் கணக்கு மட்டும் எப்படித்தான் அவ்வளவு வேகமாக ஓடியதோ!

"அவசரப்படாதக்கா. ஏறும், பொறு."

அவனுடைய மீதியும் விற்றுப்போயிற்று. அதன்பிறகு வாங்குவாரே இல்லை. விலை புதுப் பங்கின் விலைக்கும் கீழே போய் நின்றது.

மத்தியானம் அக்கா தூக்குவாளியோடு வேலையிடத்துக்கே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

"மூஞ்சியத் தொங்கப் போடாத. எனக்கு மட்டுமா போச்சு, உனக்கும்தானே போச்சு? நீ சாப்பிடாமக் கிடப்பேன்னுதான் வந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் மணல் குவியல் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த பலகையை முந்தானையால் தூசி தட்டி, அவன் உட்கார இடம் செய்தாள்.

"அக்கா... எனக்குப் போகல. நான் வித்துட்டேன்."

"எப்போ?"

"நீ கேட்டப்போ பாதி வித்திருந்தேன். மீதி போகட்டும்னுதான் உன்னைப் பொறுக்கச் சொன்னேன். வந்த பணத்துல பாதி உனக்கு..."

"பணத்தைப் பத்தி நான் கேட்கல." அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மணலை உதறினாள். "பொறுன்னு சொன்னப்போ உன் குரல் கொஞ்சங்கூட நடுங்கலையேடா."

தூக்குவாளியை எடுக்காமலே போனாள். தூரத்தில் மேஸ்திரி, "முதலாளி, கலவை இறுகுது!" என்று கத்தினார். அவன் மண்வெட்டியைத் தொடவில்லை. வாளி மூடியின் சூடு இன்னும் ஆறவில்லை. அதைத் திறக்கிற தைரியம் அவனுக்கு வரவில்லை.